ஒருவர் இறந்த வாடகை வீட்டில் சாம்பிராணி போடலாமா?

நீங்கள் கேட்டது இது. சென்னையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. முன்பு இருந்த பெரியவர் நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்து அந்த வீட்டிலேயே இறந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது. காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது. பத்து மாதக் குழந்தை இரவில் வீறிட்டு அழுகிறது. மாமியார் 48 நாள் வெண்கடுகு போட்டுச் சாம்பிராணி காட்டச் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தோழி வெள்ளை சேஜ் என்ற அமெரிக்க மூலிகைச் செடியின் கட்டு வாங்கிக் கொளுத்தச் சொல்கிறார். கணவருக்கு வீசிங் உண்டு. எதைச் செய்வது, இதெல்லாம் உண்மையா?

சாம்பிராணி போடுங்கள். ஆனால் 48 நாள் வேண்டாம். ஒரு நாள், ஜன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தையும் கணவரும் வெளியே இருக்கும் நேரத்தில். வெள்ளை சேஜ் வேண்டவே வேண்டாம். தலைபாரத்துக்குக் காரணத்தைப் புகையில் தேடாதீர்கள், சுவரிலும் குளியலறையிலும் தேடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிப் பதில்.

எங்கள் குடும்பத்துக்கு நாட்டுமருந்துக் கடை. அப்பாவுக்குப் பிறகு நானும் பல வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது உங்கள் மாமியார் சொன்ன அதே சாமான்கள்தான்: வெண்கடுகு, நாய்க்கடுகு, மருதாணி விதை, குங்கிலியம், சாம்பிராணி. சிலர் காய்ந்த வேப்பிலையும் அருகம்புல்லும் சேர்ப்பார்கள். இந்தப் பட்டியல் ஏதோ சமீபத்தில் தொலைக்காட்சி ஜோதிடர்கள் கிளப்பிவிட்டது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். புறநானூற்றின் 281-ஆம் பாட்டைப் படித்த அன்று அந்த நினைப்பு போய்விட்டது.

அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு வந்து கிடக்கிறான் ஒருவன். அவன் மனைவி தோழியைக் கூப்பிடுகிறாள். இரவ மரத்து இலையும் வேம்பும் வீட்டில் செருகுவோம், யாழும் மற்ற இசைக் கருவிகளும் ஒலிக்கட்டும், கண்ணுக்கு மை தீட்டுவோம், ஐயவி சிதறுவோம், ஆம்பல் குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், 'நெடுநகர் வரைப்பின் கடிநறை புகைஇ' அவன் புண்ணைக் காப்போம், வா தோழி என்கிறாள். வீடு முழுக்க மணப்புகை போட்டு ஒரு காயத்தைக் காவல் காக்கிறார்கள். 296-ஆம் பாட்டில் இன்னும் நேராகவே வருகிறது: நெய் பூசிய கையோடு 'ஐயவி புகைப்பவும்' என்று. ஐயவி என்பது வெண்சிறுகடுகு. எங்கள் கடையில் ஐம்பது கிராம் பொட்டலமாகக் கட்டித் தந்த அதே வெண்கடுகு. சுமார் இரண்டாயிரம் வருஷமாக இந்த ஒரு சாமான் மாறாமல் வந்திருக்கிறது.

இதை நான் சொல்வது 'அப்போதே விஞ்ஞானம் இருந்தது' என்று நிறுவுவதற்காக இல்லை. அந்தப் பாட்டில் புகை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடிபட்டுக் கிடக்கிறவனைச் சுற்றி வீட்டார் எல்லோரும் சேர்ந்து செய்யும் பணிவிடையில் அது ஒன்று. பாட்டு உண்டு, மணியோசை உண்டு, பச்சிலை உண்டு, இரவெல்லாம் விழித்திருக்கும் ஆட்கள் உண்டு. அஞ்சினார்கள்தான், பேய் வந்து புண்ணைத் தீண்டும் என்று நம்பினார்கள். ஆனாலும் அவர்கள் செய்தது கவனிப்பு. இன்று நாம் அந்தக் கவனிப்பை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் பொட்டலம் கட்டி விற்கிறோம். 'வீட்டில் கெட்ட சக்தி இருக்கிறது, இந்தப் பொடி 48 நாள்' என்று ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பொடியில் இருப்பது பெரும்பாலும் மேலே சொன்ன சாமான்களே. நாட்டுமருந்துக் கடையில் அதற்கு ஆகும் செலவு மிகக் கொஞ்சம்.

இப்போது சாம்பிராணியைப் பற்றி. நம் வீட்டுப் பொருளாகவே அதை நினைக்கிறோம், ஆனால் அது கடல் கடந்து வந்தது. சுமத்ரா தீவில் வளரும் ஸ்டைராக்ஸ் என்ற மரத்தின் பிசின். லாவோஸ், வியட்நாம் பக்கம் அதன் பங்காளி மரம் ஒன்று உண்டு. சுமத்ராவின் வடக்கே மலைகளில் தோபா படாக் மக்கள் இன்றும் இந்த மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கிறார்கள். அரேபிய வணிகர்கள் இதை 'லுபான் ஜாவி', ஜாவா நாட்டுக் குந்துருக்கம் (அதுவும் ஒரு மணப்பிசின்) என்றார்கள். அந்தச் சொல் திரிந்துதான் ஆங்கிலத்தில் பென்சோயின் ஆனது. அந்த மலைகளுக்கு மேற்கே கடலோரத்தில் பாருஸ் என்று ஒரு பழைய துறைமுகம். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போனது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு நட்டது. மணப்பொருளுக்காக நம் ஆட்கள் அந்தக் கரைவரை போய்க் கல் நட்டு ஒழுங்கு பேசியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அந்த மரம் சும்மா இருக்கும்போது இந்தப் பிசினைச் சுரப்பதில்லை. பட்டையில் கீறல் விழுந்தால்தான், தன் காயத்தை மூடிக்கொள்ளச் சுரக்கிறது. அது மாதக்கணக்கில் இறுகிய பிறகு சுரண்டி எடுப்பார்கள். மனிதர்களும் அதைக் காயத்துக்கே பயன்படுத்தினார்கள். டிங்சர் பென்சோயின் என்று ஆஸ்பத்திரிகளில் பழுப்பு நிறத்தில் ஒரு மருந்து இருக்குமே, அது சாம்பிராணியைச் சாராயத்தில் கரைத்தது. சிராய்ப்பில் தடவுவார்கள், பிளாஸ்திரி நன்றாக ஒட்டுவதற்குப் பூசுவார்கள், சளிக்கு வெந்நீரில் சில சொட்டு விட்டு ஆவி பிடிக்கச் சொல்வார்கள். ஊறுகாய் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சாயிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பிசினிலிருந்துதான். முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்தது சாம்பிராணியைச் சூடாக்கி.

ஆகவே 'சாம்பிராணியில் ஒன்றுமே இல்லை' என்பவரோடு நான் உடன்பட மாட்டேன். அதில் உள்ள அமிலத்துக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணம் உண்டு. ஆனால் மருந்தாகத் தடவுவதும் புகையாக மூச்சில் இழுப்பதும் ஒன்றாகிவிடாது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் தோழி அனுப்பிய செய்தியில் 'சேஜ் புகை காற்றிலுள்ள 94 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று ஆராய்ச்சி நிரூபித்திருக்கிறது' என்று இருந்ததல்லவா? அந்த 94 வந்த கதை எனக்குத் தெரியும். 2007-இல் லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு அது. மூடிய அறையில் மாமரச் சுள்ளியும் ஹோமத்துக்கான மூலிகைக் கலவையும் ஒரு மணி நேரம் எரித்தார்கள். காற்றில் இருந்த பாக்டீரியா 94 சதவீதம் குறைந்தது. எரித்ததில் அமெரிக்க வெள்ளை சேஜ் கிடையாது. நம் ஊர் ஹோமப் புகையின் கணக்கை எடுத்து எவரோ சேஜுக்கு மாட்டிவிட்டார்கள், அது ஊர் சுற்றி நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

சரி, நம் புகைக்காவது அந்தப் பெருமை உண்டே என்றால், அங்கேயும் நிதானம் வேண்டும். காற்றில் மிதக்கும் பாக்டீரியாவில் பெரும்பாலானவை நமக்கு ஒன்றும் செய்யாதவை. அவற்றைக் குறைக்க ஒரு மணி நேரம் அடைத்த அறையில் மரப்புகை போட்டால் நுரையீரலுக்கு நேரும் கெடுதல் பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய அளவுப்படி பி.எம். 2.5 என்ற நுண்துகள் ஒரு நாள் சராசரியில் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மூடிய அறையில் தூபம் போட்டால் அது சில நூறுக்குப் போவது சாதாரணம். சிங்கப்பூரில் 61,000-க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் நீண்ட காலம் ஊதுவத்தி கொளுத்தி வந்தவர்களுக்கு மூக்கு, வாய், தொண்டை போன்ற மேல் சுவாசப் பாதையில் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக வந்திருந்தன. நுரையீரல் புற்றுநோய் மொத்தத்தில் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. வெள்ளிக்கிழமை ஒரு சிட்டிகை போடுகிறவர் இதைக் கண்டு நடுங்க வேண்டாம். தினமும், அடைத்த வீட்டில், வருஷக் கணக்கில் என்பதுதான் ஆபத்து. மாமியார் சொன்ன 48 நாளை நான் மறுப்பது இதனால். இளைப்பு உள்ளவருக்கும் பத்து மாதக் குழந்தைக்கும் 48 நாள் புகை என்றால் அதில் வருவது மூச்சுத் திணறல்தான்.

குழந்தையின் தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் செய்தார்கள். காற்று வந்து போகும் திண்ணையிலும் முற்றத்திலும் செய்த காரியம் அது. இரண்டு படுக்கையறை அடுக்குமாடிக் குடியிருப்பில் அதே புகை வெளியேற இடமில்லாமல் சுழலும். தலையை நல்ல துண்டால் துவட்டினாலே போதும்.

தலைபாரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது இதுதான். ஒரு வீட்டில் எல்லோருக்கும் உடம்பு அசந்தாற்போல் இருந்தால், அதிலும் வெளியே போய்விட்டு வந்தால் சரியாகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது காற்று. குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறதா? வெளியேற்றும் குழாய் இல்லாத கேஸ் கீசர் கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள்ளேயே விடும். நிறமோ மணமோ இல்லாததால் தெரியாது, உயிரையே எடுக்கும். இன்றே ஆள் வைத்துப் பாருங்கள். அடுத்து, படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிக் கறுத்திருக்கிறதா என்று அலமாரியை நகர்த்திப் பாருங்கள். பூஞ்சை பிடித்த சுவர் வீசிங்காரருக்குப் பரம எதிரி. பிறகு, இரவில் ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். கொசுவலைக்கு மாறுங்கள்.

குழந்தை அழுவதற்கு அந்தப் பெரியவர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. பத்து மாதம் பல் முளைக்கும் காலம், அம்மா கண்ணில் படவில்லை என்றால் பதறும் பருவம், அதோடு புது இடம். காய்ச்சல் இருந்தாலோ காதைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கே தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாத பயம் வாரக் கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற முதல் வருஷத்தில் அது பல பெண்களுக்கு வருவது, சரி செய்யக் கூடியது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

வெள்ளை சேஜை ஏன் மறுத்தேன் என்றால், அது நம்முடையதல்ல என்பதோடு, இன்னொருவருடைய காயம் அது. தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளரும் செடி. சூமாஷ், கவியா, குமியாய் போன்ற பழங்குடிகளுக்கு அது மருந்து, உணவு, வழிபாடு. அமெரிக்க அரசு 1883-இல் பழங்குடிச் சடங்குகளைக் குற்றமாக்கி விதி போட்டது. தங்கள் வழிபாட்டைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு என்று சட்டம் வந்தது 1978-இல். அந்த இடைவெளியில் ஒளித்துக் காப்பாற்றியதை இப்போது உலகம் முழுக்கக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். காட்டிலிருந்து திருட்டுத்தனமாகச் செடி செடியாக வெட்டி எடுக்கிறார்கள் என்று அந்த மக்கள் முறையிடுகிறார்கள். நம் வீட்டு மூலையில் வெண்கடுகு இருக்கும்போது அதை வாங்க நமக்கு ஒரு தேவையும் இல்லை. நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு: குக்கில் என்று தூபத்துக்கு விற்கும் பிசின். ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட நிலத்துச் சிறுமரம். அளவுக்கு மீறிக் கீறிக் கீறியே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அதையும் வாங்காதீர்கள்.

சாம்பிராணி வாங்கும்போது கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி வேண்டாம். அவற்றில் கரித்தூளும் வாசனைத் தைலமும்தான் அதிகம். கட்டியாகக் கேளுங்கள். உடைத்துப் பார்த்தால் பழுப்புக்கு நடுவே பாதாம் பருப்புத் துண்டுகள் மாதிரி வெளுத்த மணிகள் தெரிய வேண்டும், முகர்ந்தால் வெனிலா போல லேசான இனிப்பு வாடை வர வேண்டும். டர்பன்டைன் நெடி அடித்துக் கறுத்த புகை வந்தால் அது பைன் மரப் பிசின் கலந்தது. குங்கிலியம் சேர்ப்பதென்றால் சிட்டிகை போதும், அதற்குப் புகை அதிகம். தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கித் தூபம் போட்ட திருக்கடையூர்க் கலய நாயனாரின் பக்தி நமக்கு வராது, அந்த அளவும் வேண்டாம்.

செய்முறை இது. முதல் நாளே வீட்டைக் கழுவித் துடையுங்கள். அந்தப் பெரியவர் படுத்திருந்த அறை எது என்று தெரிந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். மூலை முடுக்கு, பரண், கதவிடுக்கு எல்லாவற்றையும் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரு வீட்டை நம்முடையதாக்குவது பாதி இந்தத் துடைப்பில்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். கணவரும் குழந்தையும் பக்கத்தில் உறவினர் வீட்டுக்கோ பூங்காவுக்கோ போய் இரண்டு மணி நேரம் இருக்கட்டும். எல்லா ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்துவிடுங்கள். 'கதவடைத்தால்தான் பலன்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கரித்தணலே மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு விடும். குளிர் ஊர்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

தூபக்காலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல் போடுங்கள், பிடி சுடாது. கொட்டாங்குச்சிக் கரி நல்லது. அதை மாடியிலோ பால்கனியிலோ பற்றவைத்து, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்து, தீ நாக்கு அடங்கிய பிறகே உள்ளே கொண்டு வாருங்கள். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. பொடித்த சாம்பிராணி கால் தேக்கரண்டி, வெண்கடுகு ஒரு சிட்டிகை. கடுகு வெடித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பின்னறையில் தொடங்கி வாசல்வரை நடந்து வாருங்கள். பத்து நிமிஷம் போதும். சமையலறைக்குள் கேஸ் அருகே கொண்டு போக வேண்டாம்.

மந்திரம் வேண்டுமா என்று தோன்றலாம். உங்களுக்குப் பழகியது எதுவோ அது. சாம்பிராணிக்கு மதம் கிடையாது. வியாழன், வெள்ளி மாலைகளில் கடைத் தெருவில் கையில் தூபத்தோடு கடை கடையாக ஏறி இறங்கும் பாய் போட்டுக் காட்டுவதும் இதைத்தான். மாதா கோயிலில் தூபக் கலசம் ஆட்டும்போதும் மணப்பிசினின் புகைதான் எழுகிறது. என்னைக் கேட்டால், அந்தப் பெரியவர் கிடந்த அறையில் ஒரு நிமிஷம் நின்று அவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். அவரை விரட்ட வேண்டிய ஆளாக நினைக்க ஒரு காரணமும் இல்லை. வலியோடு கிடந்த ஒரு மனிதர் அவர். யாரோ அவருக்குக் கஞ்சி ஊட்டியிருப்பார்கள், இரவில் விழித்திருந்திருப்பார்கள். ஒருவேளை அவருக்காகவும் அங்கே சாம்பிராணி போட்டிருப்பார்கள். மாமியாரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள், அவர் கேட்டதும் நடந்த மாதிரி ஆகும்.

முடிந்ததும் தணலைக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே இருந்து பற்றிக்கொள்ளும். வாளித் தண்ணீரில் போட்டுச் 'சுர்' என்ற சத்தம் அடங்கும்வரை நில்லுங்கள். ஜன்னல்கள் இன்னும் ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கட்டும். அதன் பிறகு கணவரையும் குழந்தையையும் வரச் சொல்லலாம்.